கீழே அறுபத்து நாலு

ஜார்ஜ் டவுன்
9 ஜூலை 1927

தம்பி பிச்சைமுத்துவுக்கு,

உன் தோட்டத்து அரையாண்டு அறிக்கையின் தாள்கள் வியாழக்கிழமை வந்தன. வழக்கம்போலக் கணக்கைச் சரிபார்த்து அனுப்பச் சொல்லியிருந்தாய். பார்த்துவிட்டேன். கூட்டல் சரி, பெருக்கல் சரி, புள்ளி வைத்த இடமும் சரி. நீ தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியான இந்தப் பதினைந்து வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு அறிக்கை எழுதியதில்லை. ஆனாலும் மூன்றாம் தாளைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இந்த உறையில் அது இருக்காது.

இறந்தவர்களைப் பற்றிய தாள் அது. ஜனவரிப் பெயர்ப்பட்டியலின்படி தோட்டத்தில் அறுநூற்று நாற்பது பேர். ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், மேட்டு லயத்தில் இருநூற்றுத் தொண்ணூற்றாறு, ரோட்டு லயத்தில் இருநூற்றெண்பது, புதிதாகக் காடு வெட்டும் இடத்தில் போட்டிருக்கும் புதுக்காட்டு லயத்தில் அறுபத்து நாலு. ஜூன் முடிய மேட்டு லயத்தில் இரண்டு பேர் இறந்திருக்கிறார்கள். ரோட்டு லயத்தில் மூன்று பேர். புதுக்காட்டில் பதினொரு பேர். மூன்று எண்ணையும் நீ அறுநூற்று நாற்பதால் வகுத்திருக்கிறாய். அதனால் புதுக்காட்டு லயத்துக்கு நேரே நூற்றுக்கு 1.72 என்று விழுந்திருக்கிறது.

அந்தப் பதினொரு பேரும் அறுநூற்று நாற்பது பேருக்கு நடுவிலா இருந்தார்கள்? அறுபத்து நாலு பேருக்கு நடுவில் இருந்தார்கள். அந்த எண்ணால் வகுத்துப் பார். நூற்றுக்குப் பதினேழுக்கு மேல் வரும். ஆறு பேரில் ஒருவர்.

ஒரு லயத்தில் சாவு நூற்றுக்கு மூன்றைத் தாண்டினால் அந்த லயத்தைக் காலி செய்து ஆட்களை மாற்ற வேண்டும் என்பது உங்கள் கம்பெனி வைத்திருக்கும் விதி. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீயே பெருமையாகச் சொன்னாய். அக்டோபரில் மழை பிடித்துவிடும். அந்தப் பள்ளத்தில் கொசு இரண்டு பங்காகும். அதற்குள் அவர்களை மேலே கொண்டுவர இந்தத் தாள் ஒன்றுதான் வழி.

திருத்தி எழுது. உன் கை தெரியாமல் செய்திருக்கும் என்றே நினைக்கிறேன். அப்படி நினைக்கவே விரும்புகிறேன்.

உன் அக்கா
நவமணி


நிபோங் திபால்
14 ஜூலை 1927

அக்காவுக்கு,

கடிதம் கண்டேன். கை தெரியாமல் செய்யவில்லை. தெரிந்துதான் செய்தேன். பதினைந்து வருஷமாக இப்படித்தான் செய்கிறேன். இதுவரை நீங்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஏனென்றால் இதுவரை எல்லா லயத்திலும் ஆட்கள் ஏறக்குறைய ஒரே அளவு.

ஒவ்வொரு லயத்தையும் அதன் ஆளால் வகுத்தால் 0.68, 1.07, 17.19 என்று வரும். கூட்டினால் பதினெட்டே முக்கால் தாண்டுகிறது. அடியில் மொத்தச் சாவு நூற்றுக்கு இரண்டரை என்று நிற்கிறது. துரை மேலிருந்து கீழே விரலை வைத்துக் கூட்டிப் பார்ப்பார். கூடாத கணக்கைக் கொண்டுபோய் நீட்டினால், "கிராணி, குடிச்சிட்டு எழுதினியா?" என்பார். ஒரே எண்ணால் வகுத்தால் மூன்றும் சேர்ந்து இரண்டரை வருகிறது. அறிக்கை என்றால் கூட வேண்டும், அக்கா.

இதைச் சொல்லிக் கொடுத்தது யார் என்பதையும் எழுதுகிறேன். நான் கிராணி பரீட்சைக்குப் போனபோது பழைய பாட்டுப் புத்தக அட்டையை வெட்டி ஒரு வழி எழுதிக் கொடுத்தீர்கள். நூறை மொத்தத்தால், அதாவது கீழ் எண்ணால், ஒரே ஒரு தடவை வகுத்துக்கொள், வரும் எண்ணால் எல்லா வரியையும் பெருக்கு என்று. அதன் அடியில் "கீழ் எண் மாறாது" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். அந்த அட்டை இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கோடு இரண்டும் அழியவில்லை.

இன்னொன்று. இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உங்கள் பள்ளிக்கூடத்து அறிக்கையைப் போன வருஷம் நான்தான் தட்டச்சு செய்து கொடுத்தேன். ஐந்தாம் வகுப்பு, தேர்ச்சி நூற்றுக்கு நூறு. எட்டுப் பேர் எழுதினார்கள், எட்டுப் பேரும் தேறினார்கள். அந்த வகுப்பில் இருந்ததோ பன்னிரண்டு பெண்கள். இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின வாரம் நாலு பேரின் பெயரைச் சிவப்பு மையால் அடித்தீர்கள். நானாவது கீழே யாரையும் அடிப்பதில்லை.

அந்த நாலில் ஒருத்தி ஜெயலெட்சுமி. அவள் அப்பா பக்கிரிசாமிக்குத் துறைமுகத்தில் கை நசுங்கிப் போயிற்று. பெண்ணும் பள்ளிக்கூடத்தில் இல்லை என்றானதும், மூன்று பேரும் சேர்ந்தே வேலைக்குப் போகலாம் என்று ஜனவரியில் இங்கே வந்து சேர்ந்தார்கள். புதுக்காட்டு லயத்தில்தான் இருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் அறுபத்து நாலில் அவளும் உண்டு.

பிச்சைமுத்து


ஜார்ஜ் டவுன்
17 ஜூலை 1927

பிச்சைமுத்துவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இரண்டு பதில் எழுதிக் கிழித்தேன்.

அந்தப் பெண்ணுக்கு எட்டாம் வாய்ப்பாடு வரவில்லை. கேட்டால் மேலே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருத்தி தவறினால் பள்ளிக்கூடத்துக்கே கெட்ட பெயர், அடுத்த வருஷம் முதலிலிருந்து நன்றாகப் படிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அவள் அப்பாவிடம் "ஜனவரியில் கொண்டுவந்து விடுங்கள்" என்றும் சொன்னேன். பெயர் அடிக்கப்பட்ட பிள்ளை ஜனவரி வரை காத்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பாளையங்கோட்டையில் காலேஜ் படித்தவள், இருபது வருஷம் வகுப்பில் நின்றவள், இதை யோசிக்காமல் செய்தேன் என்று சொன்னால் நம்புவதற்கு இல்லை. யோசித்தேன். பன்னிரண்டையும் எட்டையும் எழுதிப் பார்த்தேன். நூறு என்ற எண் அழகாக இருந்தது.

நீ என் தப்பைக் காட்டியதால் உன் தப்பு குறையவில்லை. அட்டையில் நான் எழுதியது ஒரே கூட்டத்தைப் பல பங்காகப் பிரிக்கும் கணக்குக்கு. மொத்தச் சாவில் எந்த லயத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் உன் கணக்கு சரி. அந்த லயத்தில் இருப்பவனுக்கு என்ன நேர்கிறது என்று கேட்டால் தப்பு. கம்பெனி விதி கேட்பது இரண்டாவது கேள்வியை. இது உனக்குத் தெரியும்.

கூட வேண்டும் என்றாயே, லயத்துக்கு லயம் வகுத்த எண்கள் கூடாது, கூட்டவும் கூடாது என்று துரையிடம் சொல்ல உனக்கு வாய் இல்லையா?

நவமணி


நிபோங் திபால்
2 ஆகஸ்ட் 1927

அக்காவுக்கு,

மூன்றாம் தாளை நீங்கள் அனுப்பவில்லை. நானே மறுபடி எழுதி, அறிக்கை போன வாரம் கம்பெனியின் பீச் ஸ்ட்ரீட் ஆபீசுக்குப் போய்விட்டது. 1.72 என்றுதான் போயிருக்கிறது.

எனக்கு வாய் இருக்கிறது. இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள்.

பிச்சைமுத்து


ஜார்ஜ் டவுன்
19 செப்டம்பர் 1927

பிச்சைமுத்துவுக்கு,

சனிக்கிழமை உன் தோட்டத்துக்கு வந்திருந்தேன். காலைப் படகில் அக்கரைக்கு வந்து, ரயில் பிடித்து, ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில். ஆபீஸ் வாசலில் உன் சைக்கிள் இருந்தது. நான் லயத்திலிருந்து திரும்பி வருவதற்குள் அது இல்லை. நீ என்னைப் பார்த்தாய் என்று வண்டிக்காரன் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம் அவன்.

புதுக்காட்டுக்குப் போனேன். பள்ளத்தில், ஓடைக் கரையில் ஒரே நீட்டமாகப் பத்து அறை. அறைக்குப் பின்னால் வெட்டிப் போட்ட மரங்களுக்கு நடுவே தண்ணீர் தேங்கி நிற்கிறது. நான் நின்ற கால்மணி நேரத்தில் கையெல்லாம் தடித்துவிட்டது.

ஜெயலெட்சுமியின் அம்மா காமாட்சி என்னைப் பார்த்ததும் பாயை உதறிப் போட்டாள். "டீச்சரம்மா வந்துருக்காங்க, எந்திரிடி" என்றாள். அந்தப் பெண் எழுந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, வகுப்பில் நிற்பது போலவே நின்றாள். கண் மஞ்சளாக இருந்தது.

"காய்ச்சலாமே?" என்றேன்.

"ஒருநா விட்டு ஒருநா வரும் டீச்சர். இன்னிக்கு அதுக்கு லீவு."

அவள் அம்மா சிரித்தாள். எனக்கு வரவில்லை.

"எட்டாம் வாய்ப்பாடு இப்ப தெரியும் டீச்சர். ஒரு ஆளுக்கு எட்டு வரிசை புல்லு. ஒம்பது ஆளுக்கு எழுவத்திரெண்டு. கங்காணி ராமசாமி தப்பா சொன்னாருன்னு நாந்தான் திருத்தினேன்."

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு கேளுங்க" என்றாள் காமாட்சி. "இவ்வளவு கணக்கு தெரிஞ்சா கிராணி நாக்காலியில போயி ஒக்காருன்னாரு."

"மறுபடி சேத்துக்குவீங்களா டீச்சர்?" என்று கேட்டாள் ஜெயலெட்சுமி.

ஜனவரியில் என்றேன். என் வீட்டிலேயே தங்கிப் படிக்கலாம் என்றேன். மூலையில் உட்கார்ந்திருந்த பக்கிரிசாமி நசுங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, "போன தடவையும் ஜனவரின்னுதாம்மா சொன்னீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தேதியை ஞாபகப்படுத்துவது போலச் சொன்னார்.

அப்போதே கையைப் பிடித்து அழைத்து வந்திருக்க வேண்டும். கேட்டேன். இன்னும் மூன்று மாதம் இவள் கூலியும் சேர்ந்தால்தான் ஆகும் என்றார்கள். நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. பருவத்தின் நடுவில் ஒரு பிள்ளையைச் சேர்த்தால் நவம்பரில் இன்ஸ்பெக்டருக்கு என்ன பதில் சொல்வது என்ற எண்ணமும் ஒரு நொடி வந்து போனது. உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

அவர்களையாவது மேலே மாற்று. உன்னைக் கெஞ்சுகிறேன் என்று எழுதினால் உனக்குத் திருப்தி என்றால், கெஞ்சுகிறேன்.

நவமணி


நிபோங் திபால்
21 நவம்பர் 1927

அக்காவுக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்கு ஒரு குடும்பத்தை மாற்றத் துரையின் கையெழுத்து வேண்டும். அக்டோபரில் கேட்டேன். "அந்த லயத்துல என்ன? கணக்குல ஒண்ணுமில்லையே" என்றார். நான் எழுதிய கணக்கைத்தான் சொன்னார்.

ஜெயலெட்சுமி வியாழக்கிழமை காலையில் இறந்துவிட்டாள். காய்ச்சல் தலைக்கு ஏறி இரண்டு நாள் நினைவில்லாமல் இருந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் கொயினா மருந்து கொடுத்தார். உள்ளே இறங்கவில்லை. ஓடைக்கு இந்தப் பக்கம் மேட்டில் புதைத்தோம். நானும் போயிருந்தேன். பக்கிரிசாமி, "டீச்சரம்மாக்கு எழுதிப்போடுங்க, எடம் வச்சிருப்பாங்க" என்றார்.

பதிவேட்டில் அவள் பெயரை நான்தான் அடிக்க வேண்டியிருந்தது. இங்கேயும் சிவப்பு மைதான்.

பிச்சைமுத்து


ஜார்ஜ் டவுன்
26 நவம்பர் 1927

பிச்சைமுத்துவுக்கு,

கிடைத்தது. இன்ஸ்பெக்டர் திங்கட்கிழமை வருகிறார். எனக்கு இப்போது எழுத வரவில்லை.

நவமணி


நிபோங் திபால்
28 டிசம்பர் 1927

அக்காவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு நாங்கள் வரவில்லை. நீங்கள் வரச்சொல்லவும் இல்லை. குழந்தைகள் கேட்டார்கள்.

அடுத்த அறிக்கை எழுதும் நாள் வந்துவிட்டது. இந்தத் தடவை லயத்துக்கு லயம் வகுத்து ஒரு தனி வரிசை போடப் போகிறேன். இதைப் படித்து என்னைப் பற்றி நல்லதாக எதுவும் நினைக்க வேண்டாம். காலம் கடந்த பிறகு செய்கிறேன் என்று எனக்கே தெரியும். ஆனால் ஒரு இடத்தில் நிற்கிறேன். சரிபார்க்கச் சொல்லி அனுப்பவில்லை, கேட்கிறேன்.

புதுக்காட்டில் ஜூலையிலிருந்து ஆறு பேர் இறந்தார்கள். ஆறு பேரும் ஜனவரியில் வந்தவர்கள். ஒன்பது பேர் ஓடிப்போனார்கள். இருபத்திரண்டு பேர் போன மாதம்தான் கப்பலில் புதிதாக வந்திருக்கிறார்கள். இன்றைக்கு அங்கே இருப்பது அறுபது பேர். அறிக்கை எழுதும் நாளில் உயிரோடு இருக்கும் ஆட்களை வைத்து வகு என்கிறார் துரை. அப்படிச் செய்தால் அறுபதில் ஆறு, நூற்றுக்குப் பத்து. புது ஆட்கள் இன்னும் வந்துகொண்டே இருந்தால் அதுவும் குறைந்துகொண்டே போகும்.

செத்தவர்களைக் கீழே சேர்க்கலாமா? கணக்கில் அதற்கு இடம் உண்டா?

பிச்சைமுத்து


ஜார்ஜ் டவுன்
1 ஜனவரி 1928

பிச்சைமுத்துவுக்கு,

சேர்க்க வேண்டும். செத்தவர்கள் கீழே இல்லாமல் மேலே எங்கிருந்து வந்தார்கள்? ஓடிப்போனவர்களையும் கீழிருந்து எடுக்காதே. போன ஜனவரியில் அந்த லயத்துக்குள் போனவர்கள் அறுபத்து நாலு பேர். அதுதான் கீழே. அவர்களில் யார் செத்தாலும், ஓடினாலும், புதிதாக எத்தனை பேர் வந்தாலும் அந்த அறுபத்து நாலு அப்படியே இருக்கும். முதல் அரையாண்டில் பதினொன்று, இப்போது ஆறு. மேலே பதினேழு. நூற்றுக்கு இருபத்தாறரை. நாலு பேரில் ஒருவருக்கு மேல்.

நவம்பரில் வந்த இருபத்திரண்டு பேரைத் தனி வரியில் எழுது. அவர்களை இவர்களோடு கலந்தால் அவர்கள் இவர்களை மறைப்பார்கள்.

"கீழ் எண் மாறாது" என்று உனக்கு எழுதிக் கொடுத்தேன். யாரை வைத்து அந்த எண்ணை முதலில் எடுப்பது என்று எழுதவில்லை. பதினேழு வயதுப் பையனுக்குப் பரீட்சையில் தேறினால் போதும் என்று நினைத்தேன். எழுதியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்பது எனக்குத் தெரியாது. எழுதவில்லை என்பது மட்டும் தெரியும்.

நவமணி


நிபோங் திபால்
22 ஜனவரி 1928

அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடியே எழுதி நீட்டினேன். துரை விரலை வைத்துக்கொண்டு வந்தார். 26.56 வந்ததும் விரல் நின்றது.

"இந்த வரிசை யார் கேட்டது?"

"கம்பெனி விதிக்கு இதுதான் வேணும் துரை."

"போன தடவை இந்த வரிசை இல்லையே. போன தடவை நீ பொய் எழுதினியா, இந்தத் தடவை பொய் எழுதினியா?"

போன தடவை என்றேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து "புதுக்காட்டு லயம்" என்ற தலைப்பை அடித்துவிட்டு, பக்கத்தில் "ரோட்டு லயம், தொடர்ச்சி" என்று எழுதினார். இனிமேல் பெயர்ப்பட்டியலிலும் அப்படியே எழுத வேண்டும், இரண்டும் ஒரே லயம். இந்த அரையாண்டின் ஆறு சாவு மட்டும் போதும் என்றார்; முந்நூற்றுச் சொச்சம் பேருக்கு நடுவில் அது கரைந்துபோயிற்று. தனி வரிசையைக் கிழித்தெடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். எனக்கு வேலை போகவில்லை. கிராணி கிடைப்பது கஷ்டம் என்று அவரே சொன்னார்.

மேசைக்கு வந்து உட்கார்ந்து, அவர் சொன்னபடி பெயர்ப்பட்டியலைத் திருத்தி எழுத ஆரம்பித்தேன். பாதியில்தான் எனக்குத் தோன்றியது. ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்கு மாற்றத்தான் கையெழுத்து வேண்டும். ஒரே லயத்துக்குள் ஒரு குடும்பம் அறை மாறுவதற்கு வேண்டாம். அது கிராணியின் வேலை.

இதுவரை ஏழு குடும்பங்களை மேலே ரோட்டுப் பக்கம் கொண்டுவந்துவிட்டேன். அறை போதாது. மூன்று பேர் இருந்த அறையில் ஏழு பேர் கிடக்கிறார்கள், சண்டையும் நடக்கிறது. ரோட்டுப் பக்கத்துக்காரர்கள் என்னைத் திட்டுவது ஆபீஸ் வரைக்கும் கேட்கிறது. இன்னும் நாலு குடும்பம் பாக்கி. துரைக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் அவர் போட்ட தலைப்பைத்தான் காட்டுவேன்.

காமாட்சி மட்டும் வர மாட்டேன் என்கிறாள். மேட்டில் பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவது என்று கேட்கிறாள். பக்கிரிசாமி தினமும் சாமானைக் கட்டுகிறார், சாயங்காலம் அவிழ்க்கிறார்.

இந்த வழி ஜூலையில் எனக்குத் தோன்றியிருக்கலாம். கீழே எல்லா லயத்தையும் ஒன்றாகச் சேர்த்து வகுத்தவன் நான்தானே. அப்போது சேர்த்தது காகிதத்தில் மட்டும்.

அட்டையை இதோடு அனுப்புகிறேன். பின்பக்கம் காலியாக இருந்தது. அறுபத்து நாலு பெயரையும் எழுதியிருக்கிறேன், பொடி எழுத்தில். யாரையும் அடிக்கவில்லை. ஜெயலெட்சுமி நாற்பத்தொன்றாவது.

பிச்சைமுத்து


ஜார்ஜ் டவுன்
7 பிப்ரவரி 1928

தம்பி பிச்சைமுத்துவுக்கு,

தைப்பூசத்துக்காகப் பள்ளிக்கூடம் இரண்டு நாள் லீவு. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிறவர்கள் விடிகாலையிலிருந்து வாசல் வழியே போய்க்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே உட்கார்ந்து உன் அட்டையைப் படித்தேன். அறுபத்து நாலு பெயரையும் வாய்விட்டுப் படித்தேன், வகுப்பில் ஆஜர் கூப்பிடுவது போல. பதில் வரட்டும் என்று நிறுத்தி நிறுத்திப் படித்தேன் என்று சொன்னால் உனக்குப் பைத்தியமாகத் தோன்றும்.

எங்கள் அறிக்கையும் போய்விட்டது. இந்த வருஷம் யார் பெயரையும் நான் அடிக்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் பதினைந்து பேர், பதினைந்து பேரையும் இன்ஸ்பெக்டர் முன்னால் உட்கார வைத்தேன். பத்துப் பேர் தேறினார்கள். தவறிய ஐந்து பேரில் இரண்டு பேர் வீட்டில் நிறுத்தப்போவதாகச் சொல்லி அனுப்பினார்கள். போய் வாசலில் உட்கார்ந்து பேசி, ஒருத்தியை மீட்டுக்கொண்டு வந்தேன். இன்னொருத்திக்குக் கல்யாணம் பேசிவிட்டார்கள்.

பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர் சொக்கநாதன் செட்டியார் ஆள் விட்டுக் கூப்பிட்டார். அறிக்கை அவர் முன்னால் விரிந்திருந்தது.

"என்ன டீச்சரம்மா இது? போன வருஷம் நூறு. இந்த வருஷம் அறுபத்தேழுன்னு போட்ருக்கீக. என்ன ஆச்சு பள்ளிக்கூடத்துக்கு?"

"ஒன்றும் ஆகவில்லை. போன வருஷமும் அறுபத்தேழுதான்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வட்டிக்கடையில் ஆயுசைக் கழித்தவர், பன்னிரண்டில் எட்டு எவ்வளவு என்று அவருக்குக் காகிதம் வேண்டாம். புரிந்துகொண்டார். புரிந்துகொண்டதால்தான் கோபம் அதிகம் வந்தது. மார்ச் மாதத்தோடு தலைமை ஆசிரியையாக வேறு ஒருவரைப் பார்ப்பதாகச் சொன்னார். கீழ் வகுப்பு வேண்டுமானால் எடுக்கலாமாம். எடுப்பேன். பெயர் அடிப்பது அங்கேதான் ஆரம்பமாகிறது.

நீ செய்ததற்கு உன்னைப் பாராட்டி எழுத நான் இரண்டு நாள் முயன்றேன். வரவில்லை. ஏழு குடும்பம் மேலே வந்தது பெரிய காரியம்தான். ஆனால் அந்த வழி ஜூலையிலேயே இருந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய், நானும் ஜூலையில் அந்தத் தாளை இழுப்பறையில் பூட்டி வைத்ததோடு சரி. பீச் ஸ்ட்ரீட் ஆபீஸ் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஒருநாள் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். தம்பியின் வேலை போய்விடும் என்று போகவில்லை. நீ குழந்தைகளைச் சொன்னாய், நான் உன்னைச் சொல்லிக்கொண்டேன்.

ஈஸ்டருக்குக் குழந்தைகளை அனுப்பு. நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால் முன்னாலேயே தந்தி கொடு, நான் பழகிக்கொள்ள வேண்டும்.

காமாட்சியிடம் நான் எழுதியதாக ஒன்றும் சொல்லாதே. ஜனவரி என்ற வார்த்தையை மறுபடி அவள் என் பேரில் கேட்க வேண்டாம். ஜெயலெட்சுமி படித்த வருஷத்துப் பதிவேட்டை மட்டும் எடுத்து, ஐந்தாம் வகுப்பில் சிவப்பாக இருந்த நாலு பெயரையும் கறுப்பு மையால் மறுபடி எழுதிவிட்டேன். கூட்டிக் கீழே பன்னிரண்டு என்று போட்டேன். அடித்ததும் தெரிகிறது, எழுதியதும் தெரிகிறது. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

அட்டை என்னிடமே இருக்கட்டும். உனக்கு இனி அது வேண்டாம்.

உன் அக்கா
நவமணி